பாட்டும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. டிசம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜீயபுரத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டு, நானும் என் கணவரும் காரில் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மணி ஆறரை இருக்கும். அந்த மாதத்தில் ஆறரைக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். கரூர் ரோட்டில் முத்தரசநல்லூர் வருவதற்கு முன்னால், ஒரு பக்கம் மரங்களும் மறுபக்கம் வாழைத் தோட்டமுமாக, தெருவிளக்கே இல்லாமல் கொஞ்ச தூரம் போக வேண்டும். அந்த இடத்தில்தான் நான் இரண்டு பேரைக் காரால் இடித்திருப்பேன்.

வண்டியை ஓட்டியது நான். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டிருந்தாலும், அதன் அதிர்வில் சீட்டு குலுங்கும், ஸ்டியரிங் குலுங்கும், என் நெஞ்சுக்கூடு குலுங்கும். ஐம்பதை நெருங்கும் ஒரு தம்பதி ஏன் இப்படிக் காலேஜ் பசங்கள் மாதிரி காரில் போகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் இருபது வருடத்துக்கு மேல் பாடியவர். குழுவிலேயே கனமான கீழ்ச்சுருதிக் குரல் அவருடையதுதான். நாலைந்து வருடங்களுக்கு முன் வந்த ஒரு கடுமையான காய்ச்சலில் உயிர் பிழைத்தார், காது போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. காதுக்கு மெஷின் வைத்தால், எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசுவதைப் புரிந்துகொள்வார். ஆனால் பாட்டு மட்டும் கேட்க முடியவில்லை. மெஷின் வழியாகக் கேட்டால் தகரத்தில் மணலைக் கொட்டுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி, வீட்டில் இருந்த ரேடியோவைத் துணி போட்டு மூடிவைத்துவிட்டார். கோயிலுக்குப் போனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்புறம் ஒரு கல்யாணத்துக்கு வேனில் போனோம். டிரைவர் பின்பக்கம் பெரிய ஸ்பீக்கர் பெட்டி வைத்திருந்தார். பெண்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். என் கணவர் மட்டும் மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, உள்ளங்கையை வேன் கதவில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இறங்கும்போது என்னிடம், "எனக்குக் கேட்டுச்சு" என்றார். கீழ்ச்சுருதி ஓசைகள் அவர் காதில் இன்னும் மிச்சம் இருந்தன; அவை போதிய பலத்தோடு வந்தால் பாதி காதாலும் பாதி உடம்பாலும் அவரால் பாட்டைப் பிடிக்க முடிந்தது. காது டாக்டரிடம் கேட்டுவிட்டு, ஒரு அளவுக்குள் என்று அவர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, அந்த அக்டோபரில் எங்கள் பழைய சின்னக் காரின் டிக்கியில் கனமான ஓசைகளுக்கென்று ஒரு பெரிய சப்-வூஃபர் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் பொருத்தினோம். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு ஜீயபுரம் போயே ஆக வேண்டும். அக்காவைப் பார்க்க என்று சொல்வார். வழியில் பாட்டுக் கேட்பதற்காகத்தான் என்று அக்காவுக்கே தெரியும்.

ஒரே ஒரு குறை. பாட்டில் கனமான அடி விழும்போதெல்லாம் காரின் முன்விளக்குகள் ஒரு கணம் மங்கி, மறுபடி பிரகாசமாகும். நாங்கள் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம். நாத்தனார் வீட்டுக்காரர், "டிஸ்கோ லைட்டோட வர்றாங்க" என்று கிண்டல் செய்வார். நானும் சிரிப்பேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள் நான். மின்னோட்டம், மின்தடை, மின்னழுத்தம் என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். விளக்கு மங்குகிறது என்றால் எங்கோ மின்னழுத்தம் விழுகிறது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அன்று அந்த இருட்டான இடத்தில், இடப்பக்கம் வாழைத் தோட்டத்து வண்டிப்பாதையிலிருந்து ஒரு மொபெட் மெயின் ரோட்டுக்கு ஏறி ஓரமாக நின்றிருக்கிறது. ஓட்டியவருக்கு அறுபது வயதிருக்கும். பின்னால் அவர் மனைவி. முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு வாழைத்தார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. பாட்டு உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. விளக்கு மங்கி, தெளிந்து, மறுபடி மங்கியது. அடுத்த முறை தெளிந்தபோது என் காருக்கு நாற்பதடி முன்னால், ரோட்டின் குறுக்கே, அந்த அம்மாவின் முகம் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

பிரேக்கை மிதித்தேனா, ஸ்டியரிங்கை ஒடித்தேனா, எது முதலில் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கார் இடப்பக்கம் தார் ரோட்டை விட்டு இறங்கி, மண்ணில் சறுக்கி, ஒரு குலுக்கலோடு நின்றது. என்ஜின் அணைந்துவிட்டது. நான் இடிக்கவில்லை. ஆனால் பதற்றத்தில் அந்தப் பெரியவர் மொபெட்டோடு சாய்ந்து விழுந்துவிட்டார். திரும்பிப் பார்க்கிறேன்: அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறார், வாழைத்தார் உருண்டு கிடக்கிறது. காருக்குள் பாட்டு மட்டும் நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தது. என் கணவர் கை நீட்டி அதை அணைத்தார்.

ஓடிப் போய்ப் பார்த்தோம். அந்த அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவருக்கு ஒன்றும் இல்லை. நான் திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றேன். அவரோ திட்டவில்லை. குழம்பிப்போய் என்னிடம் கேட்டார்:

"ஏம்மா, நீங்கதானே லைட்ட மினுக்கி மினுக்கிக் காட்டுனீங்க? எங்களப் போவச் சொல்றீங்கன்னுதானே வண்டிய எறக்குனேன்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மங்கி மங்கி எரிந்த என் விளக்கை அவர் சைகையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். யாரோ நல்ல மனதோடு வழி விடுகிறார்கள் என்று நம்பி, மனைவியையும் வைத்துக்கொண்டு நேராக என் காரின் பாதையில் வந்திருக்கிறார். எனக்கு வெளிச்சம் குறைந்தது பாதித் தப்புதான். அவருக்கு நான் சொல்லாத ஒன்றை என் விளக்கு சொல்லியிருக்கிறது. இது எனக்குத் தோன்றவே இல்லை.

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அடிபட்ட அந்த அம்மாதான் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து எனக்குக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நாங்கள் எவ்வளவோ கூப்பிட்டும் அவர்கள் வரவில்லை. காரில் இருந்த முதலுதவிப் பெட்டியை எடுத்துச் சிராய்ப்பைத் துடைத்து மருந்து போட்டேன். கிளம்பும்போது அவர், "மொதல்ல அந்த லைட்டப் பாருங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது, என் கணவர் டிக்கியைத் திறந்து ஆம்ப்ளிஃபையரின் ஃப்யூஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எனக்காக யாரும் சாக வேணாம்" என்றார். காது கேளாதவர்கள் சில பேர் பேசுவதுபோல் கொஞ்சம் உரக்கவே பேசுவார் அவர். அன்று ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

விஷயம் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தது. நாத்தனார் போன் செய்து, கழற்றிப்போட்டுவிடு, தம்பி உயிரோடு இருந்தால் போதும் என்றார். அவர் கவலையில் சொன்னார். ஆனால் பக்கத்து வீட்டு அம்மா, காது கேட்காதவருக்கு எதற்கு இவ்வளவு சத்தம் என்று கேட்டதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அந்த வாரம் ஒருநாள் பெரிய கடைவீதிக்குக் காரில் போனோம். பாட்டு இல்லை. என் கணவர் பழக்கத்தில் உள்ளங்கையைக் கதவில் வைத்தார். சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு, ஒன்றும் வராது என்று நினைவு வந்தவர்போல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் பார்த்ததை அவர் கவனிக்கவில்லை. அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். இந்த மனிதருக்குப் பாட்டு கேட்கிற ஒரே இடம் இந்தக் கார். அதைப் பிடுங்கிவிட்டு விளக்கைக் காப்பாற்றுவது தீர்வே இல்லை. பாட்டும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். இரண்டும் சேர்ந்து வராவிட்டால் நான் இருபது வருடம் நடத்திய பாடத்துக்கு என்ன அர்த்தம்?

இதுவரை சொன்னதைக் கேட்டால் நான் நல்லவள் மாதிரி தெரியும். இனிமேல் சொல்வதை நினைத்தால் எனக்கு இன்னும் முகம் சூடாகிறது.

எங்களுக்கு அந்த ஆடியோவைப் பொருத்திக் கொடுத்தவர் திருவானைக்காவலில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். நான் தினமும் ஸ்ரீரங்கம் போகிற வழியில்தான் அந்தக் கடை. நேரே போய், விளக்கு மங்குகிறது, ஒரு பெரிய கெபாசிட்டர் போட்டுக் கொடுங்கள் என்றேன். கெபாசிட்டர் என்பது மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கிவைத்துத் தேவைப்படும்போது கொடுக்கிற சாதனம். பாட்டின் அடி விழுகிற நேரத்தில் அது கைகொடுக்கும் என்பது என் கணக்கு. அவர் தயங்கினார். அதனால் பெரிதாகப் பலன் இருக்காது, முதலில் வண்டியில் என்ன என்று பார்த்துவிடலாம் என்றார். நான் இயற்பியல் ஆசிரியை என்பதைச் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் போட்டுக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே கணவரிடம் ஃப்யூஸைக் கெஞ்சி வாங்கி மாட்டி, வீட்டு வாசலில் காரை நிறுத்தி, சுவரில் விளக்கு வெளிச்சம் விழும்படி வைத்துச் சோதித்தேன். முன்பு மங்கிய மாதிரியேதான் மங்கியது.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராகக் கடைக்குப் போனேன். நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். வகுப்பறையில் பேசுகிற அதே குரலில், ஆம்ப்ளிஃபையருக்கு வயரை ஒழுங்காக இழுக்கத் தெரியாத ஆள் எதற்குக் கடை வைக்க வேண்டும், உங்கள் வேலையால் இரண்டு பேர் செத்திருப்பார்கள் என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். நின்றிருந்தவர்களில் ஒருவர் தன் வண்டிச் சாவியை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

கடைக்காரர் முகம் கறுத்துப்போனது. ஆனாலும் நிதானமாகத்தான் சொன்னார்.

"டீச்சர், பானெட்டத் தொறங்க. முன்னாடி எர்த்த ஒரு தடவ பாத்துடுறேன்."

எர்த் என்று அவர் சொன்னது, பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து காரின் இரும்பு உடம்புக்குப் போகிற கனமான வயரை. காரில் எல்லா மின்சாரமும் அந்த உடம்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பும். நான் திறக்கவிடவில்லை. அந்த வருடம் ஜூன் மாதம் பேட்டரி மாற்றியது நான். யார் உதவியும் இல்லாமல், வீடியோ பார்த்து, ஸ்பேனரைப் பிடித்து நானே மாற்றினேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை. ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தேன். சாவியைத் திருகினால் வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிறது, முன்பக்கம் ஒரு குறையும் இல்லை, உங்கள் வேலை பின்பக்கம், அதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி யாரையும் நம்பப்போவதில்லை, நானே கண்டுபிடிக்கிறேன் என்று இறங்கினேன். தலைமையாசிரியையிடம் கேட்டு, பள்ளி ஆய்வகத்திலிருந்து மின்னழுத்தம் அளக்கும் ஒரு மல்டிமீட்டரை விடுமுறைக்கு வாங்கி வந்தேன். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி மூடியிருந்த நேரம் அது. கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எங்கள் பாலக்கரை வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். கணவருக்கு முதலில் இதில் விருப்பம் இல்லை. நான் விடுகிற மாதிரி இல்லை என்று தெரிந்ததும், உள்ளே உட்கார்ந்து பாட்டைப் போட்டு நிறுத்துகிற வேலையை எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் ஒன்றும் பிடிபடவில்லை. பாட்டின் அடி மின்னல் மாதிரி வந்து போய்விடுகிறது. மீட்டரில் எண் நிலைப்பதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது. அவரிடம் எழுதிக் காட்டினேன். சிறிது யோசித்துவிட்டு, கோயில் ஆர்கன் இசை ஒன்றைத் தேடி எடுத்தார். அதில் ஆகக் கீழான ஒரு சுரம் அரை நிமிடத்துக்கு அசையாமல் நிற்கும். அதைப் போட்டதும் விளக்குகள் மங்கி, மங்கியபடியே நின்றன. இப்போது நிதானமாக அளக்க முடிந்தது.

பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தேன். பாட்டு இல்லாதபோது பதினான்கு வோல்ட். ஆர்கன் ஒலிக்கும்போது பதின்மூன்றரை. அரை வோல்ட்தான் குறைகிறது. அதற்கு விளக்கு இவ்வளவு மங்கக் கூடாதே? மறுநாளும் அளந்தேன், அதற்கு மறுநாளும் அளந்தேன். அதே எண்கள். நோட்டில் அட்டவணை போட்டு எழுதினேன். கொசுக்கடியில் நின்று நின்று கால் வீங்கியதுதான் மிச்சம். கடைசியில், ஆல்டர்னேட்டருக்குப் போதிய சக்தி இல்லை, அதாவது என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கிற அந்தச் சாதனத்தையே மாற்றி, பெரியதாகப் போட வேண்டும் என்று முடிவு கட்டினேன். எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கவும் தொடங்கிவிட்டேன்.

நாலாவது நாள். கடைசியாக ஒருமுறை அளந்துவிடலாம் என்று நின்றேன். ஆர்கன் ஒலித்துக்கொண்டிருந்தது. என் கணவர் காரிலிருந்து இறங்கி என் பக்கம் வந்தார். காது போனதிலிருந்து அவருக்கு எதையும் தொட்டுப் பார்க்கிற பழக்கம் வந்திருக்கிறது. மிக்ஸி ஓடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார், மோட்டார் தண்ணீர் எடுக்கிறதா என்று குழாயில் கை வைப்பார். அன்றும், பாட்டின் அதிர்வு இங்கே எப்படி இருக்கிறது என்று பார்ப்பவர்போல் பேட்டரியை ஒட்டிய தகட்டில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். அந்த எர்த் வயர் காரின் உடம்போடு சேரும் போல்ட்டைத் தொட்டார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இது சுடுது," என்றார்.

நான் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது. பேட்டரிப் பக்கம் வயரின் மறுமுனை சில்லென்று இருக்கிறது. இந்த ஒரு போல்ட் மட்டும் சுடுகிறது.

ஓரிடத்தில் சூடு என்றால் அங்கே மின்தடை இருக்கிறது என்று அர்த்தம். இதை நான் ஒவ்வொரு வருடமும் படம் போட்டு நடத்துகிறேன். மூன்று நாளாகப் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவிலேயே அளந்துகொண்டிருந்தேன். திரும்பி வருகிற பாதையை ஒருமுறைகூட அளக்கவில்லை. மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் மைனஸிலும் இன்னொன்றைக் காரின் இரும்பிலும் வைத்தேன். அங்கே கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஆம்ப்ளிஃபையரின் மின்சாரமும் முன்விளக்குகளின் மின்சாரமும் அந்த ஒரே போல்ட் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அது அடைத்துக்கொண்டிருந்தால், ஆம்ப்ளிஃபையர் இழுக்கிறபோதெல்லாம் விளக்கு பட்டினி கிடக்கும். அவ்வளவுதான் விஷயம்.

என்ஜினை அணைத்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, அந்த போல்ட்டைத் திருகி எடுத்தேன். அடியில் கன்னங்கரேல் என்று பெயின்ட்.

பெயின்ட்டைப் பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. ஜூன் மாதம் பேட்டரி மாற்றும்போது அந்த இடத்தில் துரு இருந்தது. சுத்தமாகச் செய்ய வேண்டும் என்று துருவைச் சுரண்டி, துருப்பிடிக்காத கறுப்பு பெயின்ட்டை இரண்டு பூச்சு பூசி, காயவிட்டு, அதற்கு மேலேயே எர்த் வயரை வைத்து போல்ட்டை முறுக்கியிருந்தேன். பெயின்ட்டில் மின்சாரம் பாயாது என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். என்ஜினுக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இருந்ததால் வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆனது. விளக்குக்கு மட்டும் தேவையான கொஞ்ச மின்சாரம் போல்ட்டின் மரை வழியாகத் தட்டுத்தடுமாறிப் போய்க்கொண்டிருந்தது. ஆடியோ வந்து சேர்ந்த பிறகுதான் அதன் வண்டவாளம் வெளியே தெரிந்திருக்கிறது.

கடைக்காரர் பார்க்கிறேன் என்று கேட்ட இடம் அது. நான் திறக்கவிடாத இடம்.

என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணவர் என்ன என்று கேட்டார். போல்ட்டையும் பெயின்ட்டையும் காட்டி, என்னையே சுட்டிக் காட்டினேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. உள்ளே போய் உப்புத்தாளை எடுத்துவந்து கொடுத்தார். இரண்டு பேரும் மாறி மாறித் தேய்த்தோம். இரும்பு வெள்ளையாகப் பளபளத்ததும் வயரை வைத்து, வேறொரு புது போல்ட்டைப் போட்டு இறுக்கினோம். மறுபடி ஆர்கனைப் போட்டார். சுவரில் விழுந்த வெளிச்சம் லேசாக ஒரு மூச்சு வாங்கியது, மங்கவில்லை. மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டிய எண். அவர் சுவரையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

விளக்கு சரியாகிவிட்டது. ஆனால் எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. விளக்கைச் சரிசெய்ததைவிட அது கஷ்டம்.

விடுமுறை முடியும்வரை காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று மறுநாளே திருவானைக்காவலுக்குப் போனேன். கணவரும் வந்தார். கடையில் கடைக்காரர் தனியாக இருந்தார். பேசிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நான் திட்டியது தனியாக இல்லையே? எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டோம். ஒரு டீ, இன்னொரு டீ. முக்கால் மணி நேரம் கழித்து, வாடிக்கையாளர்கள் மூன்று பேர் வந்து நின்றார்கள். எழுந்து போனேன்.

என்னைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த சண்டைக்குத் தயாராகிறார் என்று தெரிந்தது. நின்றிருந்தவர்கள் காதில் விழும்படியே சொன்னேன்: "தம்பி, அன்னைக்கு உங்கள எல்லார் முன்னாடியும் திட்டுனேன். தப்பு உங்க மேல இல்ல. எர்த்துல பெயின்ட் அடிச்சு வெச்சது நான். நீங்க கேட்டப்பவே தொறந்து காட்டியிருக்கணும். மன்னிச்சுக்குங்க."

அதோடு பெயின்ட் ஒட்டிய அந்தப் பழைய போல்ட்டையும் அவர் மேசையில் வைத்தேன். அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

கடைசியில் அவர், "எனக்கும் ஒரு தப்பு இருக்கு, டீச்சர்," என்றார். "மாட்டுன அன்னைக்கே முன்னாடி எர்த்தப் பாத்திருக்கணும். பேட்டரி புதுசா, பளிச்சுன்னு இருந்துச்சா, விட்டுட்டேன்."

நான் திட்டியபோது அவர் இதைச் சொல்லவில்லை. நான் தலைகுனிந்து நின்றபோது சொல்கிறார். பாரத்தில் பாதியைத் தானாகவே எடுத்துக்கொண்டார்.

பிறகு அவர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். இந்த முறை மறுக்காமல் திறந்தேன். நாங்கள் தேய்த்த இடத்தைப் பார்த்துவிட்டு, போதாது, இவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபையருக்குக் கம்பெனி வயர் மெலிசு என்று சொல்லி, விரல் தடிமனில் ஒரு வயரைப் பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்கும், இன்னொன்றை என்ஜினுக்கும் போட்டார். நான் வாங்கிய கெபாசிட்டரைக் கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார். ஆம்ப்ளிஃபையரில் ஒலியின் பலத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகைக் கொஞ்சம் குறைத்து வைத்தார். அதற்கு முன் என் கணவரைக் காருக்குள் உட்காரவைத்து, கையைக் கதவில் வைக்கச் சொல்லி, போதுமா, இன்னும் வேண்டுமா என்று சைகையிலேயே கேட்டுக் கேட்டு வைத்தார். இருவரும் இருபது நிமிடம் அப்படிச் சைகையில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் கணவரிடம் நான்கூட அவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் ஜீயபுரம் போனோம். வேண்டுமென்றே அதே நேரத்துக்கு, ஆறரைக்குக் கிளம்பித் திரும்பினோம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ரோட்டில் இன்றைக்கு ஓட்டாவிட்டால் இனி எப்போதும் ஓட்டமாட்டேன் என்று தெரிந்தது. முத்தரசநல்லூர் வரும்வரை நாற்பதுக்கு மேல் போகவில்லை. பாட்டு உச்சத்துக்குப் போனது, இறங்கியது, மறுபடி ஏறியது. எனக்கு முன்னால் ரோடு ஒரே சீரான வெளிச்சத்தில் தெரிந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் என் கணவர், காது கேட்காததால் சுருதி கொஞ்சம் விலகிய குரலில், அந்தப் பாட்டின் கீழ்ப்பகுதியைத் தொண்டைக்குள் பாடிக்கொண்டு வந்தார்.

அந்த வருடத்திலிருந்து மின்தடைப் பாடத்தை நடத்தும்போது இந்தக் கதையை மாணவிகளிடம் சொல்கிறேன். பெயின்ட் அடித்தது யார் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன், சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அவர்களுக்கு அது ஒரு பாடம். எனக்கு அது தினசரிப் பழக்கமாகிவிட்டது: வீட்டிலோ பள்ளியிலோ ஏதாவது கோளாறு என்றால், இங்கே நான் சரியாகத்தான் செய்தேன் என்று எந்த இடத்தைப் பற்றி எனக்கு உறுதியாகத் தோன்றுகிறதோ, அந்த இடத்தைத்தான் இப்போது முதலில் திறந்து பார்க்கிறேன்.